மேஜர் நல்லகாமனாரின் ஆட்டுக்குட்டி

என் அப்பா நல்லகாமன் செத்து ஐம்பத்தைந்து வருடம் கழித்து மேஜர் ஆனார். கே.கே. நகரில் ஒரு மாடி அறையில், டீயும் உளுந்த வடையும் வந்து சேர்ந்த கையோடு, ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தால் ஆனார். அந்தத் தீர்மானம் நிறைவேற ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அதில் வடைக்கு இருபத்தைந்து நிமிடம்.

நேரம் எப்படி இவ்வளவு கறாராகத் தெரியும் என்றால், என் தொழில் அது. சிம்மக்கல்லில் டவுன் பஸ்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற டயம் கீப்பர் நான். முப்பது வருடமாக ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த பஸ்ஸும் நான் எழுதுவதால் சீக்கிரம் வந்ததில்லை. ஆனாலும் கை சும்மா இருக்காது. ஒரு மனிதர் மைக்கைப் பிடித்தால் என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போய்விடும்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். உண்மை ரொம்பச் சின்னது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே செங்கரட்டுப்பட்டி என்று எங்கள் ஊர். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் அங்கே பொட்டலைச் செதுக்கி ஒரு விமானத் திடல் போட்டான். பொட்டல் அதுவரை ஊர் ஆடுகளுக்குச் சொந்தம். யுத்தம் நடப்பது ஆடுகளுக்குத் தெரியாது. விமானம் இறங்கும்போது குறுக்கே நிற்கும். அவற்றை விரட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் அப்பா. ஓடுபாதையில் ஆடு இல்லை என்றால் வெள்ளை வேட்டி ஒன்றைத் தலைக்கு மேலே சுற்றிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் விமானம் இறங்கும். வேட்டி தெரியாவிட்டால் மேலேயே வட்டம் அடிக்கும். “நல்லகாமன் இருக்கிறானா?” என்பதுதான் இறங்குவதற்கு முன் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி.

நாற்பத்து நாலில் அப்பா காலராவில் போய்விட்டார். அவருக்குப் பிறகு வேறொருவர் வேட்டி சுற்றினார். அவரையும் அவர்கள் நல்லகாமன் என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த வேலைக்கே அந்தப் பெயர் ஆயிற்று, பிறகு திடலுக்கு. வரைபடத்திலும் அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நல்லகாமன் ஏரோடிரோம். அவ்வளவுதான் வரலாறு.

அப்பா போனபோது எனக்கு இரண்டு வயது. முகம் நினைவில்லை. எங்கள் வீட்டில் ஒரு படம் இருந்தது, ஓர் அதிகாரி தன் கேமராவில் எடுத்துக் கொடுத்தது. அஞ்சலட்டை அளவு. ஒரு கையில் சுருட்டிய வேட்டி, மறு கக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, எதற்கோ சிரிக்கப் போகிறவர் போல நிற்பார். எனக்கு அப்பா என்றால் அந்தப் படம்தான். வேறு அப்பா எனக்குக் கிடையாது.

அந்தப் படத்தைத்தான் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. தென்மதுரை வரலாற்றுப் பெயராய்வு மன்றம், நல்லகாமன் ஏரோடிரோமுக்கு அந்தப் பெயர் தந்த மாமனிதர் யார் என்று ஆராய்கிறது, சான்று வைத்திருப்போர் அணுகலாம் என்று. மாமனிதர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். என் கூண்டுக்கு நேர் எதிரே போட்டோ ஸ்டுடியோ இருந்தது. போவதற்கு முன்னால் ஒரு நகல் எடுக்கத் தோன்றவில்லை.

எனக்கு வார விடுமுறை சனிக்கிழமை. போனேன். பூட்டியிருந்தது. சனிக்கிழமை மன்றத்துக்கும் விடுமுறையாம். லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி போனேன்.

தலைவர் முனைவர் ராஜகுரு படத்தைக் கையில் வாங்கி நாலு நிமிடம் பார்த்தார். நான் சொன்ன ஒரு நிமிட வரலாற்றைக் கேட்டார். முகம் சுருங்கிப் போயிற்று.

“ஆடு விரட்டினவரா?”

“ஆமா சார்.”

“ஆடு விரட்டினவர் பேரை ஒரு விமானத் தளத்துக்கு வைப்பாங்களா? நீங்க வீட்ல கேள்விப்பட்டதைச் சொல்றீங்க. தப்பில்லை. ஆனா வரலாறுங்கறது வீட்ல நடக்கிற விஷயம் இல்லை.”

“அப்ப இந்த ஆட்டுக்குட்டி சார்?” என்று படத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “படைப்பிரிவுகள் விலங்கு வளர்க்கிற வழக்கம் உண்டு. அது படைப்பிரிவோட சின்னம்” என்றார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். ஆட்டுக்குட்டிக்கு அன்றைக்கே ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது. அப்பா இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

செயலாளர் பஞ்சாபகேசன் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். ஓய்வுபெற்றபோது ஆபீஸை விட்டு வந்தாரே தவிர, முத்திரைகளை விட்டு வரவில்லை. ரப்பர் ஸ்டாம்புகள் அடங்கிய ஒரு மரப்பெட்டி எப்போதும் அவர் முன்னால் இருக்கும். “நகல் ஒன்று எடுத்துட்டுத் தாரேன் சார்” என்று நான் கேட்டபோது, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார்.

“மிஸ்டர் சின்னக்கருப்பன், முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் பதிஞ்சவன் நான். அசல் இல்லாம ஒரு சென்ட் நிலம் என் கையால மாறினது கிடையாது. உங்கப்பா என்ன, ஒரு சென்ட் நிலத்தைவிடக் கொறைஞ்சவரா?”

படத்தைக் கொடுத்துவிட்டேன். சான்றுப் பொருள் எண் ஒன்று என்று ரசீது எழுதினார். படத்தின் பின்பக்கம் ‘பெறப்பட்டது’ என்று ஒரு முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்திப் போட்டோ பிடித்தார்கள். பிடித்து முடித்ததும் ஒருவர் வந்து, “அண்ணே, அதை மடிச்சுக் குடுத்துருங்க, அடுத்த கூட்டத்துக்கு வேணும்” என்று வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டில் என் மகள் தங்கப்பொண்ணுக்கு வரன் முடிவாயிற்று. தை மாதம் கல்யாணம். எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும், முதல் பத்திரிகையை அப்பா படத்தின் முன்னால் வெற்றிலை பாக்கோடு வைத்து, அவர் நெற்றியில் சந்தனம் வைத்துக் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தாய்மாமனுக்கே. என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம். சந்தனம் வைப்பது என் அக்கா சோணையம்மாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள், அப்பாவைக் கண்ணால் பார்த்து மிச்சம் இருக்கிற ஒரே ஆள். அப்பாவை அவள் அய்யா என்றுதான் சொல்வாள்.

படத்தைக் கேட்டுப் போனேன். பஞ்சாபகேசன் விளக்கினார்.

“படத்துல இருக்கறவர்தான் நல்லகாமனார்னு இன்னும் நிரூபணம் ஆகலை. நிரூபணம் ஆகிற வரைக்கும் சான்றுப் பொருளை வெளியே விட முடியாது.”

“நிரூபணம் ஆனதும் குடுத்துருவீங்கள்ல சார்?”

“நிரூபணம் ஆயிட்டா அது வரலாற்று ஆவணம். அதை எப்படி வெளியே விடறது?”

“அப்ப எப்பதான் சார் தருவீங்க?”

“இந்த ரெண்டுக்கும் நடுவுல எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் கேலி என்பதே கிடையாது. படத்தின் பின்பக்கம் ‘திருப்பக் கோரப்பட்டது, பரிசீலனையில்’ என்று இன்னொரு முத்திரை குத்தினார்.

நிரூபித்துவிடலாம் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். செங்கரட்டுப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். படத்தைக் காட்டினார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இவர் யாருன்னு சொல்லுங்க” என்றார் பஞ்சாபகேசன்.

“எங்கய்யா. இந்த வேட்டிய அலசிப் போட்டதே நாந்தான். குட்டி எங்க வெள்ளச்சி போட்டது.”

“இவரை எப்ப கடைசியாப் பார்த்தீங்க?”

“நாற்பத்து நாலுல.”

“அப்ப வயசு?”

“ஒம்போது.”

பஞ்சாபகேசன் பேனாவை மூடினார். “மைனர். சாட்சி செல்லாது.”

“எனக்கு இப்ப அறுபத்தி நாலு வயசாகுது சாமி!”

“சொல்றப்ப மேஜர்தாம்மா. பார்த்தப்ப மைனர்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். படத்தை அவள் கையிலிருந்து வாங்க மூன்று நிமிடம் ஆயிற்று. அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவள் திருப்பித் தரவில்லை. “எங்கய்யா படத்த வச்சிருக்கீக, இது எங்கிட்ட இருக்கட்டும்” என்று இடுப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதுபற்றி மன்றத்திலிருந்து எனக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் வந்தது.

இதற்கிடையில் அப்பா மளமளவென்று முன்னேறிக்கொண்டிருந்தார். செப்டம்பர் கூட்டத்தில் ஹவில்தார். அக்டோபரில் சுபேதார். தீபாவளிச் சிறப்புக் கூட்டத்தில் கேப்டன். டிசம்பரில், ‘ஒரு கேப்டனின் பெயரை இவ்வளவு பெரிய திடலுக்கு வைத்திருக்க வாய்ப்பில்லை’ என்று ஓர் உறுப்பினர் நியாயமான சந்தேகம் எழுப்பியதால் மேஜர். செத்தபிறகு அப்பாவுக்குக் கிடைத்த பதவி உயர்வில் ஒன்றுகூட உயிரோடு இருக்கிற எனக்கு முப்பது வருட சர்வீஸில் கிடைக்கவில்லை. வேட்டி சமாதானக் கொடியாகிவிட்டது. கண்ணை இடுக்கியிருப்பது எதிரி விமானத்தைக் குறிபார்க்கிற பார்வையாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் போனேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து, “சார், படம்...” என்று ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும், ‘சான்றளித்த நண்பர் நன்றி கூறி அமர்ந்தார்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள்.

இரண்டாயிரம் ஜனவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திடலில் நினைவுக்கல் திறப்பு. அழைப்பிதழில் காலை பத்து மணி என்று போட்டிருந்தது. பதினொன்று நாற்பத்தெட்டுக்குத் தலைவர் வந்தார். என் பஸ் இப்படி வந்தால் கண்டக்டருக்கு மெமோ.

சீமைக்கருவேலத்தை வெட்டிச் சாமியானா போட்டிருந்தார்கள். ஊர் ஆடுகள் ஓரமாக நின்று பார்த்தன. அவற்றை விரட்ட மட்டும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. வரவேற்புரை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு மேடை ஏறி வாழைக்குலையைக் கடித்தன. நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். முதல் இரண்டு வரிசையும் மன்ற உறுப்பினர்களின் குடும்பத்துக்கு.

தலைவர் ராஜகுரு ஐம்பத்து மூன்று நிமிடம் பேசினார்.

“அன்று வானத்தைக் காத்தவர் மேஜர் நல்லகாமனார். இன்று அவர் பெயரைக் காப்பவர்கள் நாங்கள். வானத்தைக் காப்பது எளிது. வானம் எங்கும் போய்விடாது. ஒரு பெயரைக் காப்பது எவ்வளவு துன்பம் என்பது, தொடர்ந்து ஒன்பது ஆண்டுகளாகப் போட்டியின்றித் தலைவராக இருக்கும் எனக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் நல்லகாமனார் யார்? யாருமில்லை! ஆடு மேய்த்தவர் என்றுகூடச் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அவரை மேஜராக்க ஆறு மாதம் உறங்காமல் உழைத்திருக்கிறேன். அவருடைய வாரிசுகள் எவரேனும் இருந்திருந்தால் இன்று இந்த மேடையில் அல்லவா அமர்த்தியிருப்போம்? தேடினோம். கிடைக்கவில்லை. வாரிசு இல்லாத ஒரு வீரனுக்கு இந்த மன்றமே வாரிசு!”

கை தட்டினார்கள். அக்கா எழுந்துவிட்டாள்.

“ஏய்யா, இந்தா உக்காந்திருக்கோம்ல! கண்ணு தெரியலையா?”

பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். “அம்மா, பேசறதுன்னா முன்னாடியே பேர் குடுத்திருக்கணும். உக்காருங்க, பின்னால மறைக்குது.”

அடுத்தது பஞ்சாபகேசன். அன்றைய நிகழ்ச்சியின் சிகரம் காலப்பேழை என்று அறிவித்தார். புத்தாயிரமாண்டை முன்னிட்டு, ஓர் எவர்சில்வர் பெட்டியில் முக்கிய ஆவணங்களை வைத்து நினைவுக்கல்லின் அடியில் புதைக்கப் போகிறார்களாம். நூறு வருடம் கழித்து, இரண்டாயிரத்து நூறாம் ஆண்டு இதே நாளில் திறப்பார்களாம். உள்ளே வைப்பவற்றின் பட்டியலை வாசித்தார். மன்றத்தின் சிறப்பு மலர். தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு, வண்ணப் படத்துடன். செயலாளரின் வாழ்க்கைக் குறிப்பு, வண்ணப் படத்துடன். செயற்குழு உறுப்பினர் இருபத்தொரு பேரின் வாழ்க்கைக் குறிப்பு. “கடைசியாக, சான்றுப் பொருள் எண் ஒன்று.”

நான் எழுந்தது எனக்குத் தெரியும். கத்தினேனா என்று தெரியாது. அதற்குள் தவிலும் நாதஸ்வரமும் ஆரம்பித்துவிட்டன. கொத்தனார் பெட்டியைக் குழிக்குள் இறக்கி, மேலே சிமெண்டைப் போட்டுப் பூசினார். நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த மன்றத்தில் நான் பார்த்து உரிய நேரத்தில் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

திரையை விலக்கினார்கள். கருங்கல்லில் இருபத்து மூன்று பெயர்கள் பொன்னெழுத்தில் இருந்தன. அப்பாவின் பெயரைத் தேடினேன். தலைப்பில் ‘மேஜர் நினைவுக்கல்’ என்று மட்டும் இருந்தது. கேட்டேன். நல்லகாமனார் என்பதற்கு இடம் போதவில்லை, யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்றார்கள்.

மறுநாளே மனு எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. அவர்களிடம் நான் கண்ட அதிகபட்ச வேகம். ‘தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தாங்கள் 2.1.2100 அன்று காலை பத்து மணிக்கு அசல் ரசீதுடன் நேரில் வந்து சான்றுப் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம்.’

டியூட்டி சார்ட் போட்ட பழக்கம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று சனிக்கிழமை. மன்றம் விடுமுறை.

பொங்கலுக்கு மறுநாள் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தடவிய கட்டைப் பிரிக்காமல் வீட்டில் வைத்திருந்தோம். அக்கா சிம்மக்கல் கூண்டுக்கே வந்து நின்றாள்.

“தம்பி, நாளைக்கு மத்தியானம் திடலுக்கு வா. கடப்பாரைய நான் கொண்டாறேன்.”

“அக்கா, கேஸ் போட்ருவாங்கக்கா.”

“போடட்டும். எம்புட்டு நேரம் ஆச்சுன்னு நீ எழுதிக் குடு.”

போனேன். உச்சி வெயில். ஆடுகளைத் தவிர ஒருவருமில்லை. அக்கா கடப்பாரையை என் கையில் தரவில்லை, அவளே ஓங்கினாள். மூன்றே குத்து. நூறு வருடத்துக்குப் போட்ட சிமெண்ட் அப்பளமாக நொறுங்கியது. அதில் சிமெண்ட் இருந்ததற்கே சான்று இல்லை.

பெட்டியைத் திறந்தோம். மேலே தலைவர், அதற்குக் கீழே செயலாளர், அதற்குக் கீழே இருபத்தொரு பேர். அடியில், ஒரு பாலிதீன் உறையில் குப்புறக் கிடந்தது படம். பின்பக்கம் ஊசி குத்த இடமில்லை. பெறப்பட்டது, பரிசீலனையில், துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது, துணைக்குழுவிலிருந்து பெறப்பட்டது, தலைவர் பார்வைக்கு, தலைவர் பார்த்தார். ஆறு மாதத்து முத்திரைகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

கடைசி முத்திரைக்குப் பின்பக்கத்தில் இடம் இருந்திருக்காது. அக்கா படத்தைத் திருப்பினாள்.

அப்பாவின் முகத்தின் மேல் வட்டமாக ஊதா முத்திரை. ‘அசல் எனச் சான்றளிக்கப்படுகிறது.’ அதன் குறுக்கே பஞ்சாபகேசனின் கையெழுத்து, பச்சை மையில், ஒரு காதிலிருந்து மறு காது வரை. கண் இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை. ஆட்டுக்குட்டி மட்டும் தெளிவாக இருந்தது.

அக்கா முந்தானையை நாக்கில் நனைத்து ஓரத்தில் லேசாகத் துடைத்துப் பார்த்தாள். மை போகவில்லை. அதற்கு அடியில் இருந்ததுதான் வெளுத்தது. நிறுத்திவிட்டாள்.

படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து மண்ணைத் தள்ளி மூடினோம். இரண்டாயிரத்து நூறில் திறப்பவர்களுக்கு இருபத்து மூன்று பேர் கிடைப்பார்கள். நல்ல கலர் படங்கள்.

பிற்பாடு மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. முறைப்படி விண்ணப்பித்திருந்தால் தந்திருப்போமே என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அத்துடன், அக்கா எடுத்துப்போன பொன்னாடை இன்னும் வந்து சேரவில்லை என்றும்.

படம் வீட்டுக்கு வந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை, அதைச் சுவரில் சாய்த்து, வெற்றிலை பாக்கும் முதல் பத்திரிகையும் எடுத்து வைத்தோம். தங்கப்பொண்ணு விழுந்து கும்பிட்டு எழுந்தாள். அக்கா சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலில் தொட்டுக்கொண்டு குனிந்தாள். விரல் படத்துக்கு அருகில் போய் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

“தம்பி,” என்றாள், திரும்பாமல். “எங்கடா வைக்க?”